போர்வீரனுக்குச் சமுதாயம் பட்ட கடன்

போரினின்று மீண்டு வருபவனுக்குச் சமுதாயம் எதைக் கடன்பட்டிருக்கின்றது? பதக்கம், ஓய்வூதியம், நினைவுத்தூண் என விடை கூறுதல் எளிது. அவ்விடையோடு அமைந்துவிட எம்மால் இயலவில்லை. சமுதாயத்தின் பெயரால் அவன் அங்கு யாது செய்தான் என்பதைக் கேட்டறியும் கடமையும் உண்டு. பாராட்டுரைகள் பல வேளைகளில் அக்கடமையினின்று தப்பும் வழியாகிவிடுகின்றன.

போர்வீரராகவும் பின்னர் வரலாற்றாசிரியராகவும் வாழ்ந்த ஹவார்ட் சின் (1922–2010) என்பாரின் அனுபவம் இவ்விடத்துச் சிந்தித்தற்குரியது. நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் ஏழை யூதக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர். கப்பல் கட்டுந்துறையில் உழைத்தவர். பாசிசத்தை முறியடிக்க வேண்டுமென்ற உறுதியோடு 1943இல் தாமாகவே விமானப்படையிற் சேர்ந்தார். இலக்குப் பார்த்துக் குண்டுகளை விடுவிப்பது அவர் தொழில்.

1945 ஏப்ரல் நடுப்பகுதி. ஐரோப்பாவிற் போர் முடிய ஏறத்தாழ மூன்று வாரங்களே இருந்தன. பிரான்சின் அத்திலாந்திக் கரையில், ஜிரோந்துக் கழிமுகத்திலுள்ள ருவாயான் என்னும் சிறுநகரில், நேசப்படைகள் விட்டுக் கடந்துசென்ற சில ஆயிரம் ஜேர்மன் வீரர் அடைபட்டுக் கிடந்தனர். போரின் முடிவை மாற்ற வல்லவரல்லர் அவர்கள். அந்நகரோ ஜனவரியிலேயே பிரித்தானியக் குண்டுகளாற் பெரும்பாலும் தரைமட்டமாகி, நூற்றுக்கணக்கான பிரெஞ்சுக் குடிமக்களைப் பறிகொடுத்திருந்தது. ஆயினும் ஏப்ரலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் அங்குச் சென்றன. சின் ஏறிய விமானம் சுமந்தது நேபாம். அதாவது, கூழாக்கப்பட்டு, பட்ட இடத்தில் ஒட்டிநின்று எரியும் பெற்றோல். இருபத்தையாயிரம் அடி உயரத்திலிருந்து அவர் கண்டவை சிறு ஒளிப்பொட்டுகளே. மனிதரை அவர் காணவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டில் ஹிரோஷிமாச் செய்தியைப் பத்திரிகையிற் கண்டபோது போர் முடிகின்றதென்று மகிழ்ந்தாராம். ஜோன் ஹேர்சி அந்நகரைப் பற்றி எழுதிய நூலைப் படித்த பின்னரே குண்டின்கீழ் இருந்த மனிதர் அவர் கண்முன் தோன்றினர். 1966இல் ருவாயானுக்கே சென்று, அங்கிருந்த நூல்களையும் பத்திரங்களையும் ஆராய்ந்தார். போர் முடியுமுன் தம் மண்ணில் ஒரு வெற்றியைக் காட்டிவிட வேண்டுமென்ற பிரெஞ்சுத் தளபதிகளின் புகழாசையும், புதிய ஆயுதத்தைப் பரீட்சித்துப் பார்க்கும் ஆவலும், கட்டளைக்கு வினாவின்றிப் பணியும் பழக்கமும் அங்கே புலப்பட்டன. ஒவ்வொருவரும் தத்தம் பங்கை மட்டுமே செய்தனர். முழுமைக்குப் பொறுப்பாளி எவருமிலர்.

இது தொழிற்சாலையின் வேலைப்பிரிவினையன்றோ? ஓர் ஆணியை மட்டும் முடுக்குபவன் இயந்திரத்தின் முழு உருவை அறியான். நேபாமை ஆக்கியது ஹாவார்ட் பல்கலைக்கழக இரசாயன ஆய்வுகூடம், ஆண்டு 1942. அங்கிருந்தோர் ஒளிப்பொட்டுகளைக்கூடக் கண்டிலர். வரி செலுத்தியோரும் செய்தி படித்து மகிழ்ந்தோரும் இன்னும் தொலைவில் இருந்தனர். ஆகவே, சின்னை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் நேர்மையாகாது. அவரை வீரரென்று போற்றி வாய்மூடச் செய்தல் அதனினும் நேர்மையற்றது.

எந்தப் போரும் நியாயமானதாகாது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அத்துணை தூரம் அவரோடு செல்ல நாம் தயங்குகின்றோம். ஸ்ராலின்கிராட்டில் ஹிட்லரின் படையை நிறுத்தியது உபதேசமன்று. ஆனால், போர் நியாயமானதென்று கூறுவோரே ருவாயானுக்கு முதலில் விடைகூறக் கடமைப்பட்டவர். ஹிட்லரின் கொடுமை, பயனின்றி எரிக்கப்பட்ட ஒரு நகருக்குக் கணக்காகமாட்டாது.

1944இல் அமெரிக்கா இயற்றிய சட்டமொன்று போர்மீண்டோருக்குக் கல்விச் செலவை வழங்கியது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனாற் கல்லூரி சென்றனர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற சின் அவர்களுள் ஒருவர். அரசு ஈந்த கல்வியைக்கொண்டே அரசின் போரை விசாரித்தார்; நன்றிகெட்ட செயலென்பாருமுளர். கடன் உண்மையிலே தீர்க்கப்பட்ட இடம் அதுவென்பதே எம் கருத்து. அதே சட்டம் தென் மாநிலங்களிற் கறுப்பின வீரர் பலருக்கு ஏட்டளவிலேயே நின்றது. வங்கிகள் கடன் மறுத்தன. வெள்ளையர் கல்லூரிகள் கதவடைத்தன. கறுப்பினக் கல்லூரிகளிலோ இடம் போதவில்லை. அவர்கள் கண்ட போரை அவர்களே ஆராய்ந்து எழுதியிருக்கக்கூடிய நூல்கள் எத்தனை எழுதப்படாமற் போயினவோ!