ஒன்றில் வல்லாரும் பலவற்றில் வல்லாரும்

ஒரு தொழிலை ஆழக் கற்று அதிலேயே ஆயுளைக் கழிப்பவன் அறிவுடையவனா, பல தொழில்களையும் ஓரளவு கற்று எங்கும் பிழைத்துக்கொள்பவன் அறிவுடையவனா என்னும் வினா, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒவ்வோர் இல்லத்திலும் எழுகிறது. விடையும் ஆயத்தமாகவே இருக்கிறது. காலம் மாறுகிறது, மாறத் தெரிந்தவனே பிழைப்பான் என்கிறோம். வேலையிழந்து நிற்பவரைக் கண்டால், இரங்குவதற்கு முன்பே, வேறொன்றும் கற்கவில்லையே என்று குறை கூறிவிடுகிறோம். அவ்வாறு குறை கூறுதல் அறமாகுமா என்பதையே இங்கு எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

உயிரியல் அறிஞர்களும் உயிரினங்களை இவ்விரு வகையாகப் பகுத்துக் காண்பர். கிடைத்ததை உண்டு, கிடைத்த இடத்தில் தங்கி வாழ்பவை ஒரு வகை. ஓர் உணவு, ஒரு வாழிடம் என்று தம்மைப் பொருத்திக்கொண்டவை மற்றொரு வகை. காகமும் எலியும் முன்னதற்குச் சான்று; சீன நாட்டுப் பாண்டா கரடி பின்னதற்குச் சான்று. பாண்டாவின் உணவில் நூற்றுக்கு 99 பங்கு மூங்கிலே. ஆயினும் அதன் குடல் ஊனுண்ணும் விலங்கின் குடலாகவே அமைந்திருப்பதால், தின்றதில் சிறு பகுதியே செரிக்கிறது. நாளின் பெரும்பகுதியைத் தின்பதிலேயே கழிக்க நேர்கிறது.

மூங்கிலோ பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மலை முழுதும் ஒருங்கே பூத்து ஒருங்கே மடியும் இயல்புடையது. 1970களின் நடுவில் சீனாவின் மின் மலைத்தொடரில் அவ்வாறு மடிந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட பாண்டாக்கள் இறந்து கிடந்தன. ஒன்றையே நம்பியிருந்ததன் பயன் என்பார் உண்டு. ஆனால் மூங்கில் அன்றுதான் முதன்முதலாகப் பூத்ததா? பாண்டாவின் குலம் பல இலட்சம் ஆண்டுகளாக இத்தகைய பூப்புகளைக் கண்டு வந்திருக்கிறது. ஓரின மூங்கில் மடிந்தால், வேறினம் தழைத்திருக்கும் மற்றொரு சரிவுக்கோ பள்ளத்தாக்குக்கோ அது நகர்ந்துவிடும். இம்முறை தாழ்ந்த சரிவுகளில் காடு அழிந்து வயலும் ஊரும் வந்திருந்தன. நகர வழியில்லை. சீன அரசு பின்னர்க் காப்புக்காடுகளைப் பெருக்கியது. துண்டுபட்ட காடுகளை இணைக்கவும் முற்பட்டது. 2015இல் வெளியான கணக்கெடுப்பில் காட்டில் வாழும் பாண்டாக்கள் 1,864 எனக் கண்டனர். அவை இன்றும் மூங்கிலையே தின்கின்றன.

எங்கும் பிழைக்கும் உயிருக்கு நம் ஊர் மைனாவைக் காட்டலாம். பயிர்ப்பூச்சிகளைத் தின்னும் என்று கருதி அதனை 1860களில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்குக் கொண்டுசென்றனர். அங்கே பெருகி, மரப்பொந்துகளைக் கைப்பற்றி, அந்நாட்டுக் கிளிகளுக்குக் கூடில்லாமல் செய்கிறது. மிகுந்த கேடு விளைக்கும் 100 அயலுயிர்கள் என 2000ஆம் ஆண்டு வெளியான உலகப் பட்டியலில் மைனாவும் ஒன்று. பறவையின் மேல் குற்றமில்லை; கொண்டுசென்றவர் மனிதரே. நாம் கருதத்தக்கது வேறு. காடு வெட்டுண்டு நகரும் தோட்டமுமாக மாறிய இடங்களில்தான் மைனா ஓங்குகிறது. அடர்ந்த காட்டினுள் அதற்கு அவ்வளவு வலிமையில்லை. பலவற்றில் வல்லமை என்று நாம் போற்றுவதில் ஒரு பாதி, நிலம் குலைந்ததால் வந்த வாய்ப்பு.

போகபூமியின் முடிவில் கற்பக மரங்கள் மறைந்தபோது, அவற்றையன்றி வேறறியாத மக்கள் செய்வதறியாது நின்றதை நம் புராணம் கூறும். விருஷபதேவர் அவர்களுக்கு அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிபம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களைக் கற்பித்தார். ஒருவனே ஆறையும் செய்க என்று வகுக்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

அச்சுக்கோப்பவர்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஈய எழுத்துகள் கிடக்கும் பெட்டியில் எந்த அறையில் எந்த எழுத்து என்பதைக் கண் பாராமலே விரல் அறியும். இடவலம் மாறி நிற்கும் வரிகளைத் தடையின்றிப் படிப்பார்கள். கட்டுரையாளர் விட்ட ஒற்றைத் தாமே சேர்த்துக் கோத்துவிடும் கோப்பாளரும் இருந்தனர். மாறத் தெரியாதவர்கள் என்று இவர்களைச் சொல்ல இயலாது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை மேற்கொண்டபின், புதிய வடிவங்களுக்கும் தம் கையைப் பழக்கிக்கொண்டவர்களே. பின்னர் ஆப்செட் அச்சும் கணினியும் வந்தன. சில ஆண்டுகளில் அத்தொழிலே மறைந்தது. விசைப்பலகையின் முன் அமர்த்திச் சில மாதம் பொறுமையாகக் கற்றுத்தர முதலாளி வாய்த்த இடங்களில், கோப்பாளரே நல்ல கணினித் தட்டச்சர் ஆனார். வாய்க்காதவர்களில் காவற்பணிக்கும் கடைப்பணிக்கும் போனவர் உண்டு. இருவரிடையே அறிவில் வேறுபாடு இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

அப்படியாயின் இளைஞர் ஒன்றை மட்டுமே கற்றால் போதுமா எனின், அவ்வாறு கூறவில்லை. ஏரும் மாடும் வித்தும் வரப்பும் அறிந்த உழவரின் வழிவந்த நமக்குப் பலவும் கற்பது புதிதன்று. இரண்டாவது தொழிலொன்றைக் கற்பது விவேகமே. ஆனால் இருபது வயதினனுக்குச் சொல்லும் அறிவுரையை ஐம்பது வயதினரின் மேல் குற்றச்சாட்டாக வைப்பது கொடுமை. ஒருவரின் முப்பதாண்டுத் திறனால் பயன்பெற்றுத் தொழில் நடத்தியவர், புதிய இயந்திரத்திற்கு ஒதுக்கும் பணத்தில் அவர் கற்பதற்கும் ஒரு பங்கு ஒதுக்கக் கடமைப்பட்டவர் என்றே கருதுகிறோம். நம் சமூகத்தில் தொழில் நடத்துவோர் பலர் இருப்பதால் இதனை வெளிப்படையாகவே எழுதுகிறோம்.

இன்று அச்சாகும் நூல்களில் ஒற்றுப்பிழைகள் மலிந்துவிட்டன என்று வருந்துவோர் உளர். அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் திருத்தவல்ல பழைய கோப்பாளர் சிலர் இன்னும் நம் ஊர்களில் இருக்கக்கூடும். வயது எழுபதைக் கடந்திருக்கும்.