‘ம்...’ என்பது ஒரு சொல்லா?

உங்கள் பாட்டியை உட்காரவைத்து அவர் கதையைப் பதிவு செய்ய வேண்டும் என்று என்றைக்காவது நினைத்ததுண்டா? நினைத்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். கருவி உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. செல்போனை எதிரே வைத்து ஒரு தட்டு தட்டினால் போதும். ஒரு மணி நேரப் பேச்சு, எம்பி3-யாகச் சுருக்கினால் சுமார் 60 எம்.பி.தான்.

அதை எழுத்தாக்குவதுதான் முன்பெல்லாம் பிராண சங்கடம். கேட்டு, நிறுத்தி, ரீவைண்ட் செய்து, மறுபடி கேட்டு... ஒரு மணி நேரப் பேச்சுக்கு அரை நாள் போய்விடும். இப்போது கம்ப்யூட்டர் சில நிமிஷங்களில் முடித்துவிடுகிறது.

நிஜமான சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

பாட்டி சொல்கிறார்: ‘‘அவுரு போயிட்டாரு... ம்... ரெண்டும் சின்னப் புள்ளைங்க. என்னாத்த பண்ணுவேன்?’’ நாம் எழுதுகிறோம்: ‘‘அவர் இறந்தபோது என் இரு பிள்ளைகளும் சிறியவர்கள். என்ன செய்வதென்று தெரியவில்லை.’’ அர்த்தம் ஏறக்குறைய அதேதான். ஆனால், பாட்டியைக் காணோம்! பேசுவதற்கு ஒரு தமிழ், எழுதுவதற்கு ஒரு தமிழ் வைத்திருக்கிற நமக்கு ஒவ்வொரு பேட்டியும் கிட்டத்தட்ட ஒரு மொழிபெயர்ப்பு. இது திருத்தமா, பொய்யா?

அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போன கேள்வி இது. ஜேனட் மால்கம் என்ற பத்திரிகையாளர், ஜெஃப்ரி மேஸன் என்ற உளப்பகுப்பாய்வாளரைப் பற்றி 1983-ல் ‘நியூயார்க்கர்’ இதழில் எழுதினார். ‘மேற்கோள் குறிக்குள் போட்டிருப்பதை நான் சொல்லவேயில்லை’ என்று மேஸன் வழக்குப் போட்டார். நாற்பது மணி நேரத்துக்கும் மேல் டேப் இருந்தது. சர்ச்சைக்குரிய வாசகங்கள் அதில் இல்லை. 1991-ல் கோர்ட் சொன்னதன் சாரம்: பேச்சை எழுத்தாக்கும்போது வார்த்தை மாறுவது மட்டுமே குற்றமல்ல, பொருள் கணிசமாக மாறினால்தான் தப்பு. 1994-ல் ஜூரி ஜேனட் பக்கம் தீர்ப்பளித்தது.

சட்டத்துக்கு இது போதும். மனசாட்சிக்கு? பொருள் மாறவில்லை என்று யார் சொல்வது? எழுதியவரே சொல்லிக்கொண்டால் அது தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் நற்சான்றிதழ். சொல்லத் தகுதி உள்ளவர் ஒருவர்தான் - பேசினவர்.

‘மனுஷன்தானே மாற்றுவான், மெஷினுக்கு என்ன வந்தது?’ என்று கேட்பீர்கள். ஓபன்ஏஐ நிறுவனம் 2022-ல் ‘விஸ்பர்’ என்ற மென்பொருளை வெளியிட்டது. 6,80,000 மணி நேர ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பழகியது. 2023-ல் சில ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து, முடிவுகளை மறு வருஷம் வெளியிட்டார்கள். சுமார் 1 சதவிகிதப் பதிவுகளில், யாரும் பேசாத சொற்றொடர்களை, சில சமயம் முழு வாக்கியங்களையே அது சேர்த்திருந்தது. சிலவற்றில் நடக்காத வன்முறைகூட! பக்கவாதம் போன்றவற்றால் பேச்சு தடைப்பட்டவர்களின் பதிவுகளில் இது இன்னும் அதிகம். அவர்கள் பேச்சில் இடைவெளி நீளம். அதே பதிவுகளை அந்த வருஷக் கடைசியில் மறுபடி ஓட்டியபோது மென்பொருள் கொஞ்சம் திருந்தியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். வார்த்தைக்குத் திணறுகிற மனிதர் வாயில்தான் அதிகமாக வார்த்தை திணிக்கப்படுகிறது. மௌனத்தை மெஷினுக்குத் தாங்க முடியவில்லை. நமக்கு மட்டும் முடிகிறதா என்ன? எதிராளி கொஞ்சம் தயங்கினால், ‘அதாவது நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னா...’ என்று நாமே முடித்துவைக்கிற ஜாதிதானே!

பாட்டியின் அந்த ‘ம்...’மில் ஒருவேளை முப்பது வருஷம் இருக்கலாம். அகராதியில் அதற்கு இடமில்லை. அதற்காக அழித்துவிடலாமா?

எனவே, சில எளிய மரியாதைகள். பதிவு ஓடுகிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ‘இது வெளிய வேணாம்பா’ என்று அவர் சொன்ன பகுதியை எடுத்துவிடுங்கள், எவ்வளவு சுவாரஸ்யமாக இருந்தாலும் சரி. எழுதி முடித்ததும் ஒலியை அழிக்காதீர்கள். எழுத்து நகல்தான், அதுதான் மூலம். தயங்கிய இடத்தில் மூன்று புள்ளி வையுங்கள். கடைசியாக, எழுதினதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

‘‘நான் இப்படியா சொன்னேன்?’’ என்று பாட்டி கேட்டால், வாதாடாதீர்கள். டேப் உங்கள் பக்கம் இருக்கலாம். வாழ்க்கை அவருடையது.