வற்றல் மூட்டையும் மொழிபெயர்ப்பும்

போர்த்துகீசிய இலக்கியத்தை ஜெர்மனுக்குக் கொண்டுபோன குர்ட் மேயர்-கிளாசன் பிரேசிலுக்குக் கப்பல் ஏறியது வியாபாரத்துக்காக. இரண்டாம் உலகப்போரில் உளவாளி என்று சந்தேகித்து அவரைத் தீவுச் சிறையில் போட்டார்கள். புத்தகங்களில் மூழ்கியது அங்கேதான்.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் அப்படி மொழிபெயர்ப்புக்கு வந்த ஒரு வியாபாரி உண்டு, 1944-ல் பிறந்த தோப்பில் முகமது மீரான். மூட்டையைப் பிரித்தாலே தும்மல் பிடிக்கும் மிளகாய் வற்றல் வியாபாரம்தான் திருநெல்வேலியில் அவருக்குச் சோறு போட்டது. பிறந்தபோது ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. தமிழகத்தோடு சேர்ந்தது 1956-ல். பள்ளியில் படித்தது மலையாளம், வீட்டில் பேசியது கடற்கரைத் தமிழ்.

'சாய்வு நாற்காலி'க்கு 1997-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்ததிலிருந்து நாவலாசிரியர் என்றே அவரைச் சொல்லிப் பழகிவிட்டோம். மலையாளத்திலிருந்து அவர் தமிழாக்கிய என்.பி. முகமதுவின் 'தெய்வத்தின் கண்', எம்.என். காரசேரி எழுதிய, மலையாள எழுத்தாளர் பஷீரின் வாழ்க்கை வரலாறு ஆகியவற்றை எத்தனை பேர் எடுத்துப் பேசுகிறோம்? என்னைக் கேட்டால், நாவல்களுக்குப் பக்கத்திலேயே வைக்கவேண்டிய வேலை அது. உம்மாவும் வாப்பாவும் மலபார் முஸ்லிம் வீட்டுக்குள் பேசிக்கொள்வதை அகராதி பார்த்துக் கொண்டுவந்துவிட முடியாது. அதற்கு அதே மாதிரி வீட்டில் வளர்ந்த காது வேண்டும். மீரானுக்கு அது இருந்தது.