அளவு மாறாத அளவுகோல்

புது தில்லியின் சாணக்கியபுரியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. 1977-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அது திறக்கப்பட்டது. திறந்தவெளியில் நிற்கும் பழைய நீராவி எஞ்சின்களையும், பாட்டியாலா சமஸ்தானத்தில் ஒற்றைத் தண்டவாளத்தின்மீது ஓடிய விந்தையான ரயிலையும் காணவே பெரும்பாலோர் அங்கே செல்கின்றனர். உள்ளே கண்ணாடிப் பேழைகளில் எஞ்சின்களின் சிறிய மாதிரிகளும் உள்ளன. பெரியவர்கள் அவற்றைப் பொம்மைகள் என எண்ணிக் கடந்துவிடுவது வழக்கம்.

பொம்மை வேறு, மாதிரி வேறு. பார்ப்பதற்கு ரயிலைப்போல் இருந்துவிட்டால் பொம்மை ரயிலின் கடமை முடிந்தது. மாதிரி அப்படியன்று, அது அசலுக்குக் கட்டுப்பட்டது. அசலில் எத்தனை சக்கரங்களோ அத்தனை. எந்த இடத்தில் ரிவெட் ஆணியோ அந்த இடத்தில். இத்தகைய மாதிரிகளைச் செய்வதையே ஓய்வு நேரத்தின் ஈடுபாடாகக் கொண்டவர்கள் உலகெங்கும் உள்ளனர். நம் நாட்டிலும் புணே நகரில் ஜோஷி என்னும் அன்பர் பொழுதுபோக்காகத் தொடங்கிய சிற்றுருவ ரயில் உலகம் 1998-இல் பொதுமக்களுக்கான காட்சியகமாகவே மலர்ந்தது.

‘பெறற்கரிய மானிடப் பிறவியை எடுத்துவிட்டு, சின்னஞ்சிறு எஞ்சினுக்குச் சக்கரம் பொருத்திக்கொண்டிருப்பதா?’ என்று ஒரு சாதகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், என்ன வேலை செய்கிறோம் என்பதோடு கர்மயோகம் நின்றுவிடுவதில்லை. அந்த வேலையில் மனம் என்ன ஆகிறது என்பதையும் அது கேட்கிறது. பூஜையறையில் அமர்ந்தபடியே மனத்தைக் கடைத்தெருவுக்கு அனுப்பியவர்கள் உண்டு. கையில் அரத்தைப் பிடித்துப் பித்தளைத் துண்டைத் தேய்த்துக்கொண்டே மனத்தை ஓரிடத்தில் நிறுத்தியவர்களும் உண்டு.

மாதிரி செய்பவர் முதலில் ஏற்கும் விரதம் விகிதம். ரயில் மாதிரிகளில் பரவலாகக் கையாளப்படுவது 1-க்கு 87 என்னும் விகிதம். அதை ஏற்றுக்கொண்ட பிறகு எல்லாவற்றையும் 87-ஆல் வகுத்தே தீரவேண்டும். புகைபோக்கியின்மீது அவருக்குத் தனிப்பிரியம் இருக்கலாம். அதற்காக அதை மட்டும் 60-ஆல் வகுத்துச் சற்றே பெரிதாக்கினால் எஞ்சின் கேலிச்சித்திரம் ஆகிவிடும். விருப்பும் வெறுப்பும் அளவுகோலைத் தொடக்கூடாது.

மனத்தின் பட்டறையில் நாம் என்ன செய்கிறோம்? நாம் ஒருவருக்குச் செய்த உதவி முழு அளவில் நிற்கிறது. அவர் நமக்குச் செய்தது நூறில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. நம் பிழைக்குச் சூழ்நிலை காரணம். பிறர் பிழைக்கு அவருடைய குணம் காரணம். ஒரே வீட்டில், ஒரே நாளில் இரண்டு அளவுகோல்கள்! கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவான் உயர்ந்த யோகியைப் பற்றிக் கூறும் இடம் ஒன்றுண்டு. தன்னையே உவமையாக வைத்து எவ்வுயிரின் இன்பத்தையும் துன்பத்தையும் சமமாகக் காண்பவனை அங்கே அவர் போற்றுகிறார். தனக்கு ஓர் அளவும் பிறருக்கு வேறோர் அளவும் வைக்காதவன் அவன். தியானத்தைப் பற்றிப் பேசும் அத்தியாயத்தில் இது சொல்லப்பட்டிருப்பதைக் கவனிக்கவேண்டும். கண்ணை மூடி அமரும் பயிற்சிக்கும், அண்டை வீட்டாரை அளக்கும் முறைக்கும் தொடர்பு இருக்கிறது.

சிறிய பொருளில் பிழை சிறியது என்று எண்ணுவதும் தவறு. 1-க்கு 87 விகித மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் தவறினால், அசலில் அது எட்டரை சென்டிமீட்டருக்கும் மேல். இதை நன்கு உணர்ந்த அரசர் ஒருவரின் கட்டடம் தில்லியிலேயே இருக்கிறது. ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் வானத்தை அளக்க முதலில் பித்தளைக் கருவிகளையே பயன்படுத்தினார். அவை சிறியவை, அச்சுகள் தேய்ந்தன, கருவி அசைந்தது, அளவுக் கோடுகள் நெருக்கமாக இருந்தன. கணக்கு பிசகியது. ஆகவே 1724-இல் தில்லியில் ஜந்தர் மந்தரைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் பேருருவில் எழுப்பினார். அவரைப்போல் எல்லாவற்றையும் பெரிதாக்கிக்கொள்ள இல்லறத்தாரால் இயலுமா? நமக்கு வாய்த்தது சிறிய வாழ்க்கை. சமையலறை, அலுவலக மேஜை, பேருந்துப் பயணம். பெரிய தியாகங்களுக்கான வாய்ப்பு அரிதாகவே வரும். சொல்லில் ஒரு மில்லிமீட்டர், குரலில் ஒரு மில்லிமீட்டர் என்றுதான் நம் பிழைகள் நேர்கின்றன. அங்கேதான் கவனம் வேண்டும்.

இனி, சற்றுச் சிக்கலான இடம். இந்திய அகல ரயில்பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். ஆனால் கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலமே உடையது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு ஏற்பச் செய்யப்பட்டது. இந்திய எஞ்சினுக்கு மாதிரி செய்பவர் என்ன செய்வார்? தாமே கட்டைகளை வரிசையாக அடுக்கித் தண்டவாளம் பதிக்கலாம், அது பெருமுயற்சி. அல்லது மூன்று மில்லிமீட்டர் குறையை ஏற்றுக் கடைப்பாதையிலேயே ஓட்டலாம். இதில் குற்றம் ஏதுமில்லை. ‘இங்கே இவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறேன்’ என்று அறிந்திருந்தால் போதும். குறையையே நிறை என்று சாதிக்கத் தொடங்கும்போதுதான் சீர்கேடு தொடங்குகிறது. அதிகாலை எழ இயலாத சாதகர் ஆறரை மணிக்கு ஜபம் செய்யட்டும். ஆனால் ஆறரை மணியையே பிரம்மமுகூர்த்தம் என்று பெயர் மாற்ற வேண்டாம்.

விகிதத்துக்கு அடங்காத வேறொன்றும் உண்டு: எடை. நீளம் 87 மடங்கு குறையும்போது கன அளவு 6,58,503 மடங்கு குறைந்துவிடுகிறது. நூறு டன் எஞ்சினை அதே கணக்கில் சுருக்கினால் ஏறக்குறைய 150 கிராம்தான் வரும். உருவம் சரியாக இருக்கும். ஆனால் அவ்வளவு இலேசான எஞ்சின் பெட்டிகளை இழுக்கத் திணறும், சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும். அனுபவசாலிகள் இதற்கு ஓர் உபாயம் செய்வார்கள். எஞ்சினின் உள்ளே, வெளியே தெரியாதபடி, ஈயத் துண்டுகளை வைத்துவிடுவார்கள். அதன் பிறகு அது தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்துப் பத்துப் பெட்டிகளையும் இழுத்துச் செல்லும். பார்ப்பவர்கள் வண்ணத்தைப் புகழ்வார்கள். ஈயத்தை யாரும் காண்பதில்லை.

திருநீறும் துளசிமாலையும் சத்சங்கப் பேச்சும் சரியான விகிதத்தில் அமைந்துவிட்டாலும், உள்ளே எடை இல்லாவிட்டால் குடும்பச் சுமையை இழுக்கும்போது சக்கரம் வழுக்கவே செய்யும். யாரும் அறியாமல் செய்யும் ஜபமும், யாரிடமும் சொல்லாத உதவியுமே அந்த எடை.

இவ்வளவும் கற்றவருக்கும் ஒரு சோதனை காத்திருக்கிறது. ஆறு மாதம் உழைத்து முடித்த எஞ்சின் அலமாரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பேரன் ஆசையோடு எடுக்கிறான், கை நழுவுகிறது. முறிந்த கைப்பிடிக் கம்பி தரையில் கிடக்கிறது. அந்த நொடியில் தாத்தாவின் வாயிலிருந்து வருவது என்ன? எஞ்சின் 87 மடங்கு சிறியது. சினமோ முழு அளவில் வந்து நிற்கிறது. குழந்தையின் கண்ணீர் அப்போது அவருக்கு எந்த விகிதத்தில் தெரிகிறது? கம்பியை அரைமணி நேரத்தில் ஒட்டிவிடலாம். அன்று அஞ்சிய குழந்தை அதற்குப்பின் அந்த அறைக்கு வராமலேயே போகக்கூடும். அளவுகோலை எஞ்சினுக்கு மட்டும் வைத்திருந்தாரா, தமக்கும் வைத்திருந்தாரா என்பது வெளிப்படும் நேரம் அது.

பற்றின்றிச் செய்வது என்றால் அரைகுறையாகச் செய்வது என்று பலர் கருதுகின்றனர். மேற்கு தில்லியில் தித்தார்பூர் என்னும் பகுதி உண்டு. தசராவுக்குப் பல வாரங்கள் முன்பிருந்தே அங்கே தொழிலாளர்கள் மூங்கிலைப் பிளந்து, வளைத்துக் கட்டி, காகிதம் ஒட்டி இராவண உருவங்களைச் செய்கிறார்கள். மீசையின் முறுக்கில்கூடக் குறை வைப்பதில்லை. விஜயதசமி மாலையில் அவை எரிந்து சாம்பலாகும் என்பது மூங்கிலைப் பிளக்கும்போதே அவர்களுக்குத் தெரியும்.

அதே நவராத்திரி நாட்களில், தில்லியில் வாழும் தமிழர் இல்லங்களில் கொலுப்படிகளின் அருகே குழந்தைகள் பூங்கா அமைக்கின்றனர். மணலைப் பரப்பிக் கடுகு தூவிப் புல் வளர்க்கின்றனர். முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்துக் குளம் ஆக்குகின்றனர். குளக்கரையில் ஒரு சிறு ரயிலும் நிற்கும். விஜயதசமி இரவு அம்மா ஒரு பொம்மையைப் படுக்க வைத்து ஆரத்தி எடுத்த பின், மறுநாள் படிகள் கலைக்கப்படும். ஒன்பது நாள் நீர் தெளித்து வளர்த்த புல்லைக் குழந்தை தன் கையாலேயே மணலோடு அள்ளித் தொட்டியில் போடுகிறது. பிறகு கண்ணாடியில் ஒட்டிய ஈர மணலைத் துடைத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, அடுத்த ஆண்டுக்காக அம்மாவிடம் கொடுக்கிறது.