பாட் தாயைத் தாண்டி

வீட்டுக்கு வரவழைத்துச் சாப்பிடுவதற்குத் தாய் உணவுகளில் ஆகப் பொருத்தம் குறைந்தது பாட் தாய். கனடாவின் அஜக்ஸ் நகரில் நம்மவர்கள் வழக்கமாக ஓடர் பண்ணுவதும் அதைத்தான். மெல்லிய அரிசி நூடில்ஸைக் கடும் நெருப்பில் புளி, வெல்லம், மீன் சோஸ் சேர்த்துப் பிரட்டி, இறக்கிய கையோடு சாப்பிட வேண்டிய பண்டம் அது. மூடிய பெட்டிக்குள் தன் ஆவியிலேயே அவிந்து, ஹார்வுட் அவென்யூவின் சிவப்பு விளக்குகளில் எல்லாம் நின்று வாசலுக்கு வரும்போது ஒரே கட்டியாகியிருக்கும். கடைக்காரர் பாவம், அவர் சரியாகத்தான் செய்து அனுப்பியிருப்பார்.

இந்த ஊருக்கும் அந்த உணவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்பது ஒரு வேடிக்கை. சீயம் என்ற நாடு தாய்லாந்து என்று பெயர் மாறியது 1939 இல். அப்போதைய பிரதமர் பிபுன் சொங்கிராம் தேசியப் பெருமையை வளர்க்கவென்று நூடில்ஸ் சாப்பிடும்படி மக்களை ஊக்குவித்தார். சீனர் முறையில் பிரட்டிய அரிசி நூடில்ஸ் தாய்லாந்தின் அடையாளமாக ஆனது அந்தப் போர்க்காலத்தில்தான். அதே 1939 டிசம்பரில் தென்னமெரிக்கக் கரையோரம் ஜேர்மன் போர்க்கப்பல் கிராஃப் ஸ்பேயுடன் மோதிய மூன்று கப்பல்களில் ஒன்று அஜக்ஸ். அந்தச் சண்டையை நடத்திய தளபதி ஹார்வுட். 1941 இல் இங்கே பண்ணை நிலத்தில் எறிகணைத் தொழிற்சாலை எழுந்தது. அதைச் சுற்றி வளர்ந்த ஊருக்குக் கப்பலின் பெயர், பெருந்தெருவுக்குத் தளபதியின் பெயர்.

பாட் தாய்க்கும் வயது அவ்வளவுதான். ஆகவே பழைய தாய்ச் சமையல் வேண்டுமென்றால் உணவுப் பட்டியலில் இன்னும் கீழே இறங்க வேண்டும். இறங்கத்தான் நமக்குப் பயம். கைபேசியில் அதிகம் பேர் வாங்கியவையே முதலில் வந்து நிற்கின்றன. தெரியாத பெயருக்குக் காசைக் கொட்டிவிட்டுப் பிள்ளைகள் தொடாவிட்டால் என்ன செய்வது என்ற கணக்கு வேறு. நியாயமான கணக்குத்தான். ஆனால் பெயர்தான் தெரியாதது. உள்ளே இருப்பதில் முக்கால்வாசி நம் குசினியில் இருப்பது.

மசமன் கறியைப் பாருங்கள். முஸ்லிம் வணிகர்களின் வழியாகச் சீயத்துக்குள் வந்த கறி அது. கறுவா, ஏலம், கராம்பு, சீரகம், மல்லி எல்லாம் வறுத்து அரைத்து, தேங்காய்ப்பாலில் உருளைக்கிழங்கும் கச்சானும் போட்டு, புளி விட்டு இறக்குவது. யாழ்ப்பாணத்துக் கறிச்சட்டிக்குப் பழகிய நாக்குக்கு இதில் புதிதாக இருப்பது அந்தக் கச்சானும் கொஞ்சம் இனிப்பும் மட்டுமே. பச்சைக் கறி என்பது உறைப்பான சொதிக்குக் கிட்டத்து உறவு. தொம் கா சூப்பில் மணப்பது, தடிமனுக்குக் கசாயம் வைக்கும் அந்த அரத்தையின் இனம்தான். சூப்பில் மிதக்கும் அரத்தைத் துண்டையும் எலுமிச்சம்புல்லையும் மென்று பார்த்துவிட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவற்றைக் கறிவேப்பிலைபோல ஒதுக்கிவைக்க வேண்டும். சொம் தம் என்பது பச்சைப் பப்பாசியை மிளகாய், தேசிக்காய்ப் புளி, பயற்றங்காயோடு உரலில் இடித்த சம்பல். மிளகாய் இரு நாடுகளுக்கும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான்: போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505 இல், அயுத்தயாவுக்குப் போனது 1511 இல். உறைப்பில் யாரும் யாருக்கும் குரு இல்லை. ஆனாலும் "தாய் ஹொட்" என்று எழுதியிருந்தால் முதல்முறை ஒரு படி குறைத்தே கேளுங்கள். தாய்லாந்தின் சின்ன மிளகாய் நம் கொச்சிக்காய்க்குச் சளைத்ததில்லை.

இவற்றில் இன்னொரு வசதி. குழம்பும் சூப்பும் வழியில் கெடாது. இருபது நிமிடம் காரில் இருந்தாலும் கறி கறிதான். ஆறியிருந்தால் சூடாக்கினால் போதும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுகிறவர்கள் "வெஜிடபிள்" என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கக் கூடாது. இறைச்சி இல்லையென்றாலும் மீன் சோஸ் இருக்கலாம். பச்சை, சிவப்புக் கறிக் கூட்டுகளில் இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து அரைத்த கப்பி சேர்ப்பது வழக்கம். சொம் தம்மில் காய்ந்த இறால் இருக்கும். கறிக்கூட்டு முன்கூட்டியே அரைத்து வைத்ததென்றால் ஓடர் வந்தபிறகு அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது. குறிப்புப் பெட்டியில் எழுதுவதைவிடக் கடைக்கே ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்பது மேல். கச்சான் ஒவ்வாத பிள்ளைகள் உள்ள வீட்டில் இது கட்டாயம்.

அடுத்தமுறை பிள்ளைகளுக்கு வழக்கமானது வரட்டும். அதோடு பெயர் தெரியாத ஒன்றும் வரட்டும், ஒன்றே ஒன்று. நாலு பேர் நாலு கரண்டி எடுத்தால் நட்டம் பெரிதில்லை. எதில் தொடங்குவது என்று கேட்டால் மசமன் என்பேன். மிஞ்சினால் மறுநாள் காலை பாணோடு சாப்பிடலாம். மிஞ்சிய பாட் தாய்க்கு அந்த யோகம் கிடையாது.