ஒரு கூரையின்கீழ் இல்லமும் தொழிலும்

குடியிருக்கும் இடமும் பொருளீட்டும் இடமும் ஒரே கட்டடத்தில் அமையலாமா? இவ்வினாவைக் கட்டடக் கலைஞர்க்கும் நகராட்சியினர்க்கும் உரியதென நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும், ஒருவரது பிழைப்பு மற்றொருவரது உறக்கத்துக்கும் உயிருக்கும் எவ்வளவு இடையூறு செய்யலாம் என்பதே இதன் உட்பொருள். ஆதலின் இஃது அறத்தைச் சார்ந்த வினாவேயாகும்.

தலைநகராகிய தில்லியையே எடுத்துக்கொள்வோம். சாந்தனி சௌக்கைச் சூழ்ந்த பழைய தெருக்களில், கீழே கடையும் மேலே குடியுமாக மக்கள் நெடுங்காலம் வாழ்ந்தனர். 1962ஆம் ஆண்டின் மாஸ்டர் பிளானோ வீட்டுக்கு ஒரு பகுதி, வணிகத்துக்கு ஒரு பகுதி, தொழிலுக்கு ஒரு பகுதி என நகரைப் பகுத்தது. புகையும் இரைச்சலும் இல்லங்களை அணுகலாகாது என்னும் நல்லெண்ணம் அதில் இருந்தது. ஆனால் வரைபடக் கோடுகளுக்குள் வாழ்க்கை அடங்கவில்லை. குடியிருப்புகளில் கடைகள் பெருகின. 2006இல் உச்சநீதிமன்ற ஆணைப்படி அவற்றுக்கு முத்திரையிடப்பட்டபோது வணிகர்கள் வீதியில் இறங்கிப் போராடினர். 2007இல் வெளியான புதிய திட்டம், தெருவின் அகலம் முதலியவற்றைக் கருதிக் கலப்புப் பயன்பாட்டுக்கு இடமளித்தது.

கலப்பினால் நன்மை உண்டு. முதியவர் மருந்துக்காகப் பேருந்தை நாட வேண்டுவதில்லை. இல்லத்தரசி தையல் இயந்திரத்தைக் கொண்டே நாலு காசு ஈட்டலாம். இரவிலும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும்.

ஆனால் 2019 டிசம்பர் 8 அன்று விடியற்காலையில் தில்லி அனாஜ் மண்டியில் நேர்ந்ததையும் நாம் மறத்தலாகாது. பட்டறையே படுக்கையிடமுமாக இருந்த ஒரு கட்டடம் தீப்பற்ற, 43 பேர் மாண்டனர். அங்கும் கலப்பே இருந்தது. எனினும், அது வேறு கூரை தேட வசதியற்றோர் ஏற்க நேர்ந்த கலப்பு.

ஆகவே, பிரிப்பதா கலப்பதா என்பதைவிட, ஆதாயம் யாருக்கு, ஆபத்து யாருக்கு என்பதே நாம் கேட்கத்தக்க வினா. மேல்மாடியினர்க்குக் கடைக்குள் புகாத தனிப் படிக்கட்டு வேண்டும். தீ நேர்ந்தால் இறங்க மற்றொரு வழி வேண்டும். அவ்வழிகளில் சரக்கு மூட்டைகள் அடுக்கப்படாதிருத்தல் வேண்டும். இவற்றால் சில நூறு சதுர அடிகள் குறையும்; வாடகை வருவாயும் குறையும். உரிமையாளர் அக்குறைவை ஏற்பது தருமமன்று, கடமை. வரைபடத்துக்கு அனுமதி தரும் அதிகாரியும், கையொப்பமிடுமுன், நள்ளிரவில் அங்கே உறங்கப்போகிறவர் எவ்வழியே வெளியேறுவார் என்று ஒருகணம் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.