மறைப்பது அன்பாகுமா?

நமது குடும்பங்களில் ஒருவருக்குத் தீராத நோய் என்று வைத்தியர் கூறியதும் முதலில் நடைபெறுவது என்ன? வீட்டார் கூடி, அதனை நோயாளிக்குத் தெரியாமல் மறைத்துவிடத் தீர்மானிக்கின்றனர். நோயாளியைப் பார்க்க வரும் குருவானவருக்கும் வாசலிலேயே எச்சரிக்கை கிடைக்கின்றது: "சுவாமி, அப்பாவுக்கு ஒண்டும் தெரியாது. நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ."

இதற்குக் காரணம் அன்பே. உண்மையை அறிந்தால் மனம் உடைந்துவிடுவார் என்று அஞ்சுகின்றனர். ஆயினும், அன்பினால் செய்வதெல்லாம் நன்மையாகுமா?

நோயாளி ஒன்றும் அறியாத குழந்தையல்லர். மகரகம, தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைகளுக்கு அழைத்துச் செல்லப்படும் ஒருவர், அங்கே எந்த நோய்க்குச் சிகிச்சை என்பதை அறியாரா? கனடாவிலிருந்து பிள்ளைகள் திடீரென வந்திறங்கும்போது அவருக்கு விளங்காதா? விளங்குகின்றது. ஆனால், மனைவி தாங்கமாட்டாள் என்று அவரும் மறைக்கின்றார். ஒரே கூரையின் கீழ் இருவர். இருவருக்கும் உண்மை தெரியும். இருவரும் தனித்தனியே அழுகின்றனர்.

இந்த மௌனத்தால் நேரும் இன்னுமோர் இழப்பும் உண்டு. நம் முன்னோர் 'அவஸ்தைப்பூசுதல்' என அழைத்த திருவருட்சாதனம், மரணத் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தெளிவுபடுத்தியது. 'நோயில் பூசுதல்' என்ற பெயரே அதிகம் பொருந்தும் என்றும் கூறியது. 1972இல் பாப்பரசர் ஆறாம் பவுல் புதிய சடங்குமுறையை அங்கீகரித்தார். நோய் கடுமையாகுமிடத்து அதனை மீண்டும் பெறவும் இடமுண்டு. அப்படியிருந்தும், "சுவாமியைக் கண்டால் பயந்துவிடுவார்" என்று நாளைக் கடத்தி, நினைவு தப்பிய பின்னரே ஆளனுப்புகிறோம். நன்மரணத்துக்காகச் சூசையப்பரை மன்றாடும் நாம், பாவசங்கீர்த்தனம் செய்யவும் நற்கருணை உட்கொள்ளவும் அவருக்கிருந்த வாய்ப்பை நம் கையாலேயே பறித்துவிடுகிறோம்.

அப்படியானால் எல்லாவற்றையும் உடனே கொட்டிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. எல்லா உண்மையையும் எல்லா வேளையிலும் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை. அறிய விரும்பாதவரை வற்புறுத்துவதும் தகாது. ஆனால், சொல்லாதிருப்பது வேறு. பொய் சொல்வது வேறு. "எனக்கு என்ன வருத்தம்?" என்று அவரே கேட்கும்போது, "ஒன்றுமில்லை, வெறும் வாய்வு" என்பது, கதவைத் தட்டுபவர் முன் தாழிடுவதற்கு ஒப்பாகும். மிக நெருங்கிய ஒருவர் அருகில் அமர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லட்டும். சொன்ன பின் எழுந்து போய்விடாமலும் இருக்கட்டும்.

கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் தம் துயரைச் சீடரிடம் மறைக்கவில்லை. தம்மோடு விழித்திருக்குமாறு கேட்டார். நோயாளி நம்மிடம் எதிர்பார்ப்பதும் அதுவே.

பிரிவின் துயர் எவருக்கும் குறையாது. ஆயினும், மன்னிப்புக் கேட்டும் கொடுத்தும், பிள்ளைகளை ஆசீர்வதித்தும், காணி, கடன் காரியங்களை ஒழுங்குசெய்தும் விடைபெற்றவரின் வீட்டில், அத்துயரோடு ஓர் ஆறுதலும் தங்கியிருக்கும். உங்கள் வீட்டில் இன்று ஒருவர் நோயுற்றிருந்தால், அவர் பேசக்கூடிய நாளிலேயே அவரோடு பேசுங்கள், குருவானவரையும் அழையுங்கள்.